எமில் குச்செராவின் மகன்

கொலம்பஸ், ஒஹையோ
14 செப்டம்பர் 1973

அன்புள்ள அப்பா,

ஃபுட்பால் அணியில் எடுத்துக்கொண்டார்கள். கடிதத்தைப் பிரித்ததும் இதைத்தான் தேடுவீர்கள் என்று தெரியும், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

ஜூலையில் நூற்றுப் பத்துப் பேராக முகாமுக்குப் போனோம். இப்போது நாற்பத்தேழு பேர் மிச்சம். காலையில் அறைக் கதவைத் தட்டினால் பெட்டியைக் கட்டு என்று அர்த்தம். என்னோடு தங்கியிருந்தவனைச் செவ்வாய்க்கிழமை தட்டி அழைத்துப் போனார்கள். என்னைவிட வேகமாக ஓடுவான், என்னைவிடக் கனம் தூக்குவான். அவனை அனுப்பிவிட்டு என்னை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்று பயிற்சியாளர் ஹாஸ்கினிடமே கேட்டுவிட்டேன். "நீ குனிஞ்சா பந்து சரியாப் பின்னால போகுது. அதுக்கு மேல உங்கிட்ட எனக்கு ஒண்ணும் வேணாம். போய்ச் சாப்பிடு" என்றார்.

இப்போதைக்குப் பந்தை உதைக்கும் நேரத்தில் மட்டும் நான். மற்ற நேரமெல்லாம், வரிசை நடுவில் குனிந்து கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர் இடத்தில் பன்னிரண்டு வருஷமாக ஒருவர் நிற்கிறார். அவருடைய முழங்கால் தேய்ந்தால்தான் எனக்கு வழி.

முன்வரிசையில் எஸ்ரா ட்ரூலவ் என்று ஒருவன், அலபாமாக்காரன். முதல் நாளே, "டேய் நெப்ராஸ்கா, உங்க ஊர்ல மனுஷங்க ஜாஸ்தியா, மாடுங்க ஜாஸ்தியா?" என்று கேட்டான். "மாடுங்கதான். ஆனா எண்ணிச் சொன்னதும் அதுங்கதான்" என்றேன். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறான்.

ஒரு பத்திரிகைக்காரர் வந்து புதியவர்களைப் பற்றி ஏதேதோ கேட்டார், நானும் ஏதேதோ சொன்னேன். நம் ஊர்வரை அது வராது.

இந்த வருஷம் ஆட்டம் பார்க்க வர வேண்டாம் அப்பா. தூரம் அதிகம். நான் களத்தில் நிற்பது மொத்தம் பத்து நிமிஷம்கூட இருக்காது.

உங்கள்
வெர்ன்


ஆல்டர் கிரீக், நெப்ராஸ்கா
1 அக்டோபர் 1973

வெர்னன்,

வியாழக்கிழமை மதியம் டில்லர்ட், நம் ஊர்ப் பத்திரிகையில் போட வேண்டிய செய்தி ஒன்றை என் அச்சுக்கோக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தார். சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். சிரித்தார். முதுகில் தட்டினார். அச்சகத்துக்கே ஃபோர்மன், ஆனாலும் தலைப்பை மட்டும்தான் படித்திருக்கிறார். "நெப்ராஸ்கா இளைஞர் கொலம்பஸ் அணியில்."

நான் கோக்க ஆரம்பித்தேன். மூன்றாவது பத்தி. "குச்செராவின் தந்தை அச்சுத் தொழிலாளி. மகனுக்குப் பன்னிரண்டு வயதானபோது காலமானார். தாயார் தனியாக வளர்த்தார்."

கையை எடுத்தேன். மறுபடி வைத்தேன். கோத்து முடித்தேன். ஈய வரிகள் சூடாக வந்து விழுந்தன. பிழை ஒன்றும் இல்லை.

மெய்ப்பைப் பார்த்ததும் டில்லர்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்று எழுதிக் காட்டினார். வேண்டாம் என்றேன். வந்தது வந்தபடி அச்சாக வேண்டும். இருபத்தாறு வருடமாக அதுதான் என் வேலை.

மறுநாள் ரொட்டிக் கடையில் திருமதி போஹாச் கொலாச்சி இனிப்பு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். காகிதத்தின் மேல் எழுதியிருந்தாள்: "இது வேறு குச்செராவா?" நான் பென்சிலை வாங்கி "இல்லை" என்று எழுதினேன். வீட்டுக்கு நடந்து வந்தேன்.

உன் அம்மா செத்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. அவளை உயிரோடு எழுப்பிவிட்டாய். அவள் இடத்துக்கு என்னை அனுப்பிவிட்டாய்.

அணியில் சேர்ந்ததற்கு வாழ்த்து. பதிலுக்கு அவசரம் இல்லை. ஏன் செய்தாய் என்று உனக்கே தெரிந்த பிறகு எழுது.

எமில் குச்செரா


கொலம்பஸ்
20 அக்டோபர் 1973

அன்புள்ள அப்பா,

ஏன் என்று அப்போதே தெரியும். எழுதத்தான் கை வரவில்லை.

அந்தப் பத்திரிகைக்காரர் நல்ல மனுஷர். "பந்து குடுக்க யார் கத்துக்குடுத்தது, அப்பாவா? அவரோட ஃபோன் நம்பர் குடு தம்பி, நானே பேசி ரெண்டு வரி சேர்த்துக்கறேன்" என்றார். சுற்றி ஏழெட்டுப் பேர் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். எங்க வீட்ல ஃபோன் கிடையாது, அப்பாவுக்குக் காது கேக்காது, செத்துப்போன அம்மாவுக்கும் கேட்டதில்ல என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "அப்பா இல்லீங்க" என்று சொன்னேன். "அடடா, எப்போ?" என்றார். முதல் பொய் போனதும் அடுத்தது தானாக வந்து நின்றது.

இதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னவனாவேன். எனக்குப் பதினைந்து வயதில் பக்கத்து ஊர் மைதானத்தில் ஓர் ஆட்டம். நீங்கள் எல்லைக்கோட்டின் ஓரம் நின்று என் பெயரைக் கூப்பிட்டீர்கள். வாயால். எதிரணிப் பையன்கள் அந்தக் குரலை அப்படியே செய்து காட்டினார்கள். "யார்றா அது, கன்னுக்குட்டி வேலியில மாட்டிக்கிச்சா?" என்றான் ஒருவன். எங்கள் அணியும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால் நீங்கள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்தையும் தவறவிடவில்லை, ஒரு ஆட்டத்திலும் வாயைத் திறக்கவும் இல்லை. வீட்டில் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம்.

திருத்தம் போடச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதட்டுமா? நீங்கள் சொன்னால் இன்றைக்கே எழுதுகிறேன்.

வெர்ன்


ஆல்டர் கிரீக்
25 நவம்பர் 1974

வெர்னன்,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஒரு வருடத்தில் ஒன்பது. அவற்றைப் பற்றி இப்போது எழுதவில்லை. திருத்தம் வேண்டாம். நான் தினமும் வேலைக்குப் போகிறேன். அதைவிடப் பெரிய திருத்தம் தேவையில்லை.

இது வேறு விஷயம். நேற்று ஓமஹாவில் எங்கள் சங்கத்தில் உன் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். காது கேளாதவர்கள் இருபத்தாறு பேர், ஒரு பெட்டி. சத்தத்தை முழுதாக வைத்திருந்தோம். பெட்டியின் மேல் கை வைத்தால் கூட்டம் ஆரவாரம் செய்வது தெரியும். மாடி வீட்டுக்காரர் கீழே வந்து கதவை உதைத்திருக்கிறார். கடைசியில், மணிக்குப் பதிலாக உள்ளே விளக்கை எரிய வைக்கும் வாசல் பொத்தானை அழுத்தியிருக்கிறார். விளக்கு எரிந்ததும் அவரையும் உட்காரவைத்துப் பீர் கொடுத்தோம்.

பழைய ஆளுக்கு அடிபட்டு, இரண்டாம் பாதியில் நீ சென்டராக இறங்கினாய். பந்தைக் கொடுப்பதற்கு முன் உன் இடது தோள் இறங்குகிறது. ஒவ்வொரு முறையும். எதிரில் நிற்பவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். நாலு முறை உன்னைப் புரட்டிப் போட்டான். உங்கள் ஆட்கள் யாரும் கவனிக்கவில்லை. இங்கே இருபத்தாறு பேரும் கவனித்தோம். நாங்கள் தோளைப் பார்த்தே வாழ்கிறவர்கள்.

வலது காலை ஓர் அங்குலம் முன்னால் வை. தோள் தானாகச் சரியாகும்.

உன்னை மன்னித்ததாக நினைத்துக்கொள்ளாதே. தோள் வேறு, அது வேறு.

எமில் குச்செரா


கொலம்பஸ்
18 அக்டோபர் 1976

அன்புள்ள அப்பா,

நீங்கள் சொன்ன அந்த ஓர் அங்குலம்தான் என்னை இரண்டு வருஷமாக சென்டர் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. இதைப் போன கடிதத்திலும் எழுதினேன், அதற்கு முந்தியதிலும் எழுதினேன். நீங்கள் பதிலுக்கு வானிலை எழுதுகிறீர்கள். பரவாயில்லை, நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

நேற்று போர்ட்லண்டில் தோற்றோம். என்னால் தோற்றோம். அந்த மைதானம் ஒரு கிண்ணம் மாதிரி. அறுபதாயிரம் பேர், நாங்கள் வரிசையில் குனிந்ததும் ஒரே கூச்சல். என் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்று பந்தை வாங்குகிற குவார்ட்டர்பேக் ரஸ்டி, எல்லோரும் கிளம்புவதற்கான குறியாகத் தொண்டை கிழிய "ஹட், ஹட்" என்று கத்துகிறான், எனக்கே கேட்கவில்லை. வரிசையின் கோடியில் நிற்பவனுக்கு எப்படிக் கேட்கும்? ஒருவன் முந்துகிறான், ஒருவன் பிந்துகிறான். முந்தியதற்குத் தண்டனையாக ஏழு முறை ஐந்து ஐந்து கஜமாக எங்களைப் பின்னால் தள்ளினார்கள். கடைசியில், பந்தைக் கொடுக்க வேண்டிய இரண்டாவது "ஹட்"டை முதலாவது என்று நினைத்து ஒரு நொடி தாமதமாகப் பந்தைக் கொடுத்தேன். ரஸ்டி கையை எடுத்துவிட்டிருந்தான். பந்து தரையில் விழுந்தது, அவர்கள் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஹாஸ்கின் கத்தவில்லை. "டிசம்பர் அஞ்சாம் தேதி திரும்ப இதே ஊருக்கு வரணும். அதுக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார். அவர் கத்தியிருந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அப்பா, இதை மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான். உங்கள் பள்ளி அணியில் நீங்களும் சென்டர்தானே? பதினோரு பேருக்கும் காது கேட்காது. எல்லோரும் ஒரே நொடியில் எப்படிக் கிளம்பினீர்கள்?

வெர்ன்


ஆல்டர் கிரீக்
27 அக்டோபர் 1976

வெர்னன்,

சில பள்ளிகளில் பெரிய முரசு வைத்திருந்தார்கள். ஓரத்தில் நின்று அடிப்பார்கள். அதிர்வு வயிற்றில் தெரியும். எங்களிடம் முரசு இல்லை. நாங்கள் கண்ணால் கிளம்பினோம். கவனமாகப் படி.

உன் பின்னால் இருப்பவன் தயாரானதும் விரலால் உன் தொடையை அழுத்தட்டும். நீ தலையை நிமிர்த்து. நேராக எதிரில் இருப்பவன் முகத்தைப் பார். பிறகு ஒரு மூச்சு. பிறகு பந்து. உன் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் கண் ஓரத்தால் உன் தலையைப் பார்க்கட்டும். கோடியில் இருப்பவர்கள் பந்தை மட்டும் பார்க்கட்டும். ஒரு மூச்சா இரண்டு மூச்சா என்பதை முன்பே கூடி நிற்கும்போது விரலால் காட்டிவிடு. மாற்றி மாற்றி வை. எதிரி கணக்கைப் பிடித்துவிடக் கூடாது.

உன் மூச்சு எப்போதும் ஒரே நீளம் இருக்க வேண்டும். பயந்தாலும். இதுதான் கஷ்டம். மற்றதெல்லாம் சுலபம்.

உன் ஆட்கள் காதை விடமாட்டார்கள். பழக்கம். காதில் பஞ்சு வைத்து மேலே துணியைக் கட்டு. பத்து நாளில் கண் வேலை செய்ய ஆரம்பிக்கும்.

1941-இல் காது கேட்கும் பையன்களின் அணியை 20-6 என்று அடித்தோம். நாங்கள் ஊமைகள் என்று நினைத்து அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று எங்கள் எதிரிலேயே வாய்விட்டுப் பேசிக்கொண்டார்கள். நாங்கள் உதட்டைப் படித்தோம். என் அம்மாவைப் பற்றியும் ஒருவன் சொன்னான். அவனை நான்கு முறை படுக்கவைத்தேன்.

கேட்டாய், சொன்னேன். மூன்று வருடமாக நீ என் வீட்டுப் படி ஏறவில்லை. காகிதத்தில் வருந்துவது சுலபம். காகிதத்தில் கோபமாக இருப்பதும் சுலபம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்பா


கொலம்பஸ்
10 நவம்பர் 1976

அன்புள்ள அப்பா,

கையெழுத்துப் போட்ட இடத்தில் "அப்பா" என்று இருந்தது. அதை முதலில் பார்த்தேன், மேலே இருந்ததைப் பிறகுதான் படித்தேன்.

உங்கள் கடிதத்தை அணிக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தேன். பஞ்சு என்றதும் சிரித்தார்கள். இருபதுக்கு ஆறு என்றதும் நிறுத்தினார்கள். நாலு முறை படுக்கவைத்தீர்கள் என்றதும் மேஜையைத் தட்டினார்கள். ஹாஸ்கின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாருய்யா இதை எழுதினது?" என்றார்.

"எங்க அப்பா."

ரஸ்டி திரும்பிப் பார்த்தான். "உங்கப்பா செத்துட்டாருன்னு பேப்பர்ல போட்டிருந்தானேடா?"

"நான்தான் அப்படிச் சொன்னேன். அவருக்குக் காது கேக்காது. பேசினா உங்க காதுக்கு ஒரு மாதிரி இருக்கும். எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதனால அவரைக் கொன்னுட்டேன்."

நாற்பது தடியன்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எஸ்ராதான் கடைசியில் வாயைத் திறந்தான். "குச்செரா, போர்ட்லண்ட்ல நீ கீழ போட்டதெல்லாம் ஒண்ணுமே இல்ல. நீ கீழ போட்டதிலேயே பெருசு அதுதான்டா."

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா போதுமா? அந்த மனுஷனை இங்க கூட்டிட்டு வா. இந்த மூச்சுக் கணக்கை உன் மூலமாக் கேட்டா எனக்கு நம்பிக்கை வராது."

ஹாஸ்கினும் அதையே சொன்னார். டிசம்பர் ஐந்துக்கு முந்தைய வாரம் முழுக்க எங்களோடு இருந்துவிட்டு, போர்ட்லண்டுக்கும் வர வேண்டும். டில்லர்ட் விடுமுறை தரவில்லை என்றால் ஹாஸ்கினே எழுதுவாராம். அவர் எழுத்தைப் படிக்க முடியாது, அதனால் டில்லர்ட் உடனே ஒப்புக்கொள்வார்.

விமானச் சீட்டு இதோடு இருக்கிறது. வாசலிலேயே நிற்பேன். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே உங்களுக்குச் சைகையில் தருவேன்.

வெர்ன்


ஆல்டர் கிரீக்
9 டிசம்பர் 1976

அன்புள்ள வெர்ன்,

வீடு வந்து சேர்ந்தேன். குழாய் உறைந்திருந்தது. சரிசெய்துவிட்டேன்.

அங்கே இருந்தபோது சொல்லாததை எழுதுகிறேன். முதல் நாள் உன் கைகள் துரு ஏறிப்போயிருந்தன. வெளிநாட்டுக்காரன் பேசுவதுபோல இருந்தது. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

புதன்கிழமை பனியில் எல்லோரும் காதில் பஞ்சோடு நின்றபோது ஹாஸ்கின் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நீ அப்படியே கையில் சொன்னாய்: "இந்தக் கிழட்டுக் கழுதை சொல்றது சரியா வந்துச்சுன்னா என் தொப்பியைத் தின்னுடறேன்." கழுதையையும் சேர்த்துச் சொன்னாய். நான் சிரித்ததைப் பார்த்து அவர் பயந்துவிட்டார்.

நீ ஏழு வயதிலிருந்து எனக்காகப் பேசினாய். கடையில், வங்கியில், உன் அம்மாவின் மருத்துவரிடம். அவர்கள் கேவலமாக எதையாவது சொன்னால் அதை விட்டுவிடுவாய். "நாளைக்கு வரச் சொல்றாங்கப்பா" என்று மட்டும் சொல்வாய். எனக்கு உதடு படிக்கத் தெரியும் என்பதை நீ மறந்துவிடுவாய். சின்னப் பையன் எனக்கு வலிக்கக் கூடாது என்று பொய் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். அந்தப் பழக்கம் எங்கே போய் முடிந்தது என்பதில் எனக்கும் பங்கு உண்டு. இந்த வாரம் நீ ஒரு வார்த்தையையும் மறைக்கவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவையாக யாரோ என்னை முழு ஆளாக நடத்தியது போல இருந்தது.

இனி ஞாயிற்றுக்கிழமை. நான் உங்கள் அணியின் பெஞ்சுக்குப் பின்னால் இருந்தேன். அறுபதாயிரம் வாய் திறந்தது. இரும்புப் பெஞ்சு என் தொடைக்குக் கீழே நடுங்கியது. பல் கூசியது. இவ்வளவையும் உனக்கு எதிராகத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். நீ குனிந்தாய். தலை நிமிர்ந்தது. ஒரு மூச்சு. பதினோரு பேர் ஒரே கதவு மாதிரித் திறந்தீர்கள்.

அறுபத்து மூன்று முறை எண்ணினேன். ஒரு முறைகூட யாரும் முந்தவில்லை. நான்காவது பகுதியில் நான்கு புள்ளி பின்தங்கி, எண்பது கஜம் போக வேண்டியிருந்தபோதும் உன் மூச்சின் நீளம் மாறவில்லை. என் மூச்சுதான் மாறியது. 20-17 என்று உங்கள் வெற்றி பலகையில் எரிந்தபோது பக்கத்தில் இருந்த போர்ட்லண்ட்காரர் என்னிடம் ஏதோ கோபமாகச் சொன்னார். நானும் வாயால் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்தச் செய்தியை எங்கள் சங்கத்தில் எல்லோரும் படித்தவர்கள். அவர்களில் பாதிப் பேர் உன்னைத் தொட்டிலில் பார்த்தவர்கள். ஜூன் மாதம் வனபோஜனம். வா. உன் கையால் நீயே சொல். நான் பக்கத்தில் நிற்க மாட்டேன்.

அப்பா


கொலம்பஸ்
21 ஜூன் 1977

அன்புள்ள அப்பா,

ஜனவரியில் கடைசி ஆட்டத்தில் தோற்றதைவிட இந்த வனபோஜனம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எண்பது பேர் பெஞ்சுகளில். நீங்கள் சொன்னபடியே எங்கோ தூரத்தில் அடுப்புப் பக்கம் போய்விட்டீர்கள். நான் மேஜை மேல் ஏறி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு சைகையைத் தப்பாகப் போட்டேன், ஒருவரும் சிரிக்கவில்லை. முடித்த பிறகும் எல்லோரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது கேட்கும் கூட்டம் என்றால் ஒரு முணுமுணுப்பாவது வரும். இங்கே முகம்தான். முகங்களில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

பிறகு பச்சைத் தொப்பி போட்ட அந்த அம்மாள் எழுந்து வந்தார். சாகும்வரை திட்டப் போகிறார் என்று நினைத்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்து, "போர்ட்லண்ட் ஆட்டத்துல மூணாவது பகுதியில இடது பக்கமா ஏன்டா போனே? வலது பக்கம் அவ்வளவு பெரிய சந்து இருந்துச்சே, உனக்குக் கண்ணு எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். அவர் தப்பு என்று இன்னொருவர் எழுந்தார். அவரும் தப்பு என்று நாலு பேர். பத்து நிமிஷத்தில் எண்பது பேரும் என்னை மேஜை மேலேயே விட்டுவிட்டுச் சண்டை போட ஆரம்பித்தார்கள். உருளைக்கிழங்கு சாலட் தட்டுகளை வைத்து வரிசை அமைத்துக் காட்டினார்கள். நான் கீழே இறங்கினால், "நீ சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்" என்றார்கள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் சைகைப் பாஷையில் ஒரு வசதி, ஐம்பது அடி தூரத்தில் இருந்தும் ஒட்டுக்கேட்கலாம். சாயங்காலம் நான் காரில் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அடுப்பருகே புதிதாகச் சங்கத்தில் சேர்ந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். அவர் என் பக்கம் காட்டி, அது யாரு என்று கேட்டார். நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். "அது என் பையன். கொலம்பஸ் அணிக்கு சென்டர். இந்த நாட்டுல அவனைவிட நல்ல சென்டர் ரெண்டு பேர் இருக்கலாம். எனக்கு அவங்களைத் தெரியாது" என்றீர்கள்.

நான் பார்த்தது உங்களுக்குத் தெரியாது. காருக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். விடைபெற வந்தபோது என் கண் சிவந்திருந்ததற்கு அடுப்புப் புகை என்று சொன்னேன். புகை இல்லை.

முகாம் ஜூலை பதினொன்றில் தொடங்குகிறது.

வெர்ன்


தபால் அட்டை
ஆல்டர் கிரீக், 27 ஜூன் 1977

வெர்ன்,

நீ பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் கரண்டியை எதற்குக் கீழே வைத்தேன்? ஒரு கையாலேயே சொல்லியிருப்பேனே.

அப்பா